அந்த நம்பரை இனி யாரும் போடக் கூடாது!

கேள்வி: கூடைப்பந்தில் ஒரு வீரரின் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுத்து அரங்கின் கூரையில் தொங்கவிடுகிறார்களே, அதற்கு என்ன தகுதி? இத்தனை புள்ளி, இத்தனை கோப்பை என்று விதி ஏதும் உண்டா?

பதில்: அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. அந்தந்த அணி முடிவு செய்வதுதான், அதனால்தான் இத்தனை சண்டை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். நாளைக்கு வேறொரு பையன் அதே நம்பரோடு களத்துக்குள் ஓடி வந்தால் அந்த ஊர் ரசிகருக்கு மனசு ஒரு மாதிரி ஆகுமா, ஆகாதா? நிக் காலிசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைகூட ஆல்-ஸ்டார் (அந்த வருடத்தின் நட்சத்திர வீரர்களில் ஒருவர்) ஆனதில்லை, ஆனாலும் 2019இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி முதன்முதலாக ஓய்வு கொடுத்த நம்பர் அவருடைய 4தான். அணி சியாட்டிலில் இருந்தபோதே சேர்ந்தவர், அது ஓக்லஹோமாவுக்கு ஊர் மாறியபோது கூடவே போனார், கடைசி வரை வேறு எங்கும் ஆடவில்லை. மியாமியின் யுடோனிஸ் ஹாஸ்லமும் இதே ரகம். டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், யாருமே எடுக்காத ஆள், சொந்த ஊர் அணிக்கே 20 சீசன் ஆடினார், 2024இல் அவருடைய 40 கூரைக்குப் போனது. இந்த இரண்டையும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்படியென்றால் மியாமி ஹீட் மைக்கேல் ஜோர்டானின் 23க்கு ஓய்வு கொடுத்தது?

பதில்: தப்பு. 2003இல் அவர் விளையாட்டை விட்டுப் போகிற நேரத்தில் மரியாதைக்காகச் செய்தார்கள், அந்த நல்ல மனசு புரிகிறது. ஆனால் அவர் மியாமிக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லையே! எதிரணியில் நின்று அவர்களைத் தோற்கடித்தவர் அவர். மரியாதை செய்ய வேறு எத்தனையோ வழி இருக்கிறது.

கேள்வி: லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்டுக்கு 8, 24 என்று இரண்டு நம்பர். கொஞ்சம் அதிகமில்லையா?

பதில்: இல்லவே இல்லை. 8 போட்டு 10 சீசன், 3 கோப்பை, ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி. 24 போட்டு இன்னொரு 10 சீசன், 2 கோப்பை, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி. இதில் எதை விடச் சொல்கிறீர்கள்?

கேள்வி: டொரான்டோ அணிக்கு 2019இல் கோப்பை வாங்கித் தந்த காவாய் லெனர்டின் நம்பரைத் தொங்கவிட வேண்டாமா?

பதில்: பிலடெல்பியாவுக்கு எதிராக அவர் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்துவிட்டு உள்ளே விழுந்ததே, அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இருந்தாலும் ஒரே சீசன். அவருக்கு முன்னால் கைல் லவ்ரியின் 7 போக வேண்டும். ஒன்பது சீசன் அங்கே ஆடி, அந்த நாட்களில் பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களில்) அணி அடிவாங்கியபோதெல்லாம் இருந்து, பிறகு ஜெயித்தபோதும் இருந்தவர்.

கேள்வி: இப்படியே போனால் நம்பர் தீர்ந்துவிடாதா?

பதில்: பாஸ்டன் செல்டிக்ஸ் ரசிகர்களைக் கேளுங்கள், இருபதுக்கும் மேலே தொங்குகிறது. அங்கே ஜிம் லாஸ்கடாஃப் என்றொருவர், தன்னுடைய 18ஐ வருங்காலத்தில் யாராவது போடட்டும், ஓய்வு வேண்டாம் என்றார். சரி என்று நம்பருக்குப் பதிலாக ‘லாஸ்கி’ என்று அவர் செல்லப்பெயரை எழுதித் தொங்கவிட்டார்கள். அப்புறம் அந்த 18ஐப் போட்டவர் டேவ் கவன்ஸ், இப்போது அவர் பெயரில் 18 அங்கேயே தொங்குகிறது. லாஸ்கடாஃப் அன்றைக்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் கவன்ஸ் வேறு நம்பர்தான் தேடியிருக்க வேண்டும்.

கேள்வி: விடுபட்டவர்களில் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால்?

பதில்: கேரி பேட்டன், நம்பர் 20. யோசிக்கவே வேண்டாம். சியாட்டில் சூப்பர்சானிக்ஸுக்குப் பன்னிரண்டு சீசனுக்கு மேல் ஆடினார், 1996இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார், அதே வருடம் அணியை இறுதிச்சுற்று வரை கொண்டுபோய் ஜோர்டானின் சிகாகோவிடம் 4-2 என்று தோற்றார். இவ்வளவு இருந்தும் அவர் நம்பர் எந்த என்.பி.ஏ. அரங்கிலும் தொங்கவில்லை, ஏனென்றால் 2008இல் அணியையே ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போய் 20ஐ மாட்டினால் யாருக்கு என்ன பொருள்? பேட்டனுக்கே அது வேண்டாம், சியாட்டிலில்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிற விஷயம். பெண்கள் ஆட்டத்திலும் இதுபோல் ஒன்று உண்டு. ஹியூஸ்டன் காமெட்ஸின் கிம் பெரட் 1999இல் புற்றுநோயில் இறந்தார், அவருடைய 10க்கு அணி ஓய்வு கொடுத்தது, 2008இல் அந்த அணியே இல்லாமல் போனது.

கேள்வி: பாஸ்டன் செல்டிக்ஸுக்கு ஆடிய பில் ரஸலின் 6க்கு மட்டும் எல்லா அணிகளிலும் ஓய்வு. ஜோர்டானின் 23க்கும் அப்படிக் கொடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். ஜோர்டானைவிட ரஸல் நன்றாக ஆடினார் என்பதற்காகச் சொல்லவில்லை. 13 சீசனில் 11 கோப்பை என்பது பெரிய விஷயம்தான், ஆனால் 2022இல் அவர் இறந்தபோது லீக் முழுக்க 6ஐ எடுத்து வைத்தது அதற்காக மட்டுமல்ல. 1961இல் கென்டக்கியில் ஒரு ஹோட்டலில் கறுப்பின வீரர்களுக்குச் சாப்பாடு பரிமாற மறுத்தபோது ஆட்டமே வேண்டாம் என்று கிளம்பிப் போனவர்களில் அவரும் ஒருவர். 1966இல் என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து நாசம் செய்தார்கள். அதனால் 1972இல் செல்டிக்ஸ் அவருடைய 6ஐக் கூரைக்கு ஏற்றியபோது கூட்டம் வேண்டாம் என்றுவிட்டார். கதவு திறக்கும் முன்பே, காலி நாற்காலிகளுக்கு நடுவே, கூட ஆடிய சிலர் மட்டும் பார்க்க அந்த நம்பர் மேலே போனது. மக்கள் முன்னால் அதை இன்னொரு முறை ஏற்ற அவர் ஒத்துக்கொண்டது 1999இல்தான்.