‘சரக்கு போதாது’: கிளப்பியது எந்த ஃபங்ஷன்?

கேள்வி: காரைக்குடியில் ஆத்தங்குடி கல் விற்கும் கடை ஒன்றுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்டர் கல் குறைந்தால் ஃபங்ஷனே ‘சரக்கு போதாது’ என்று எக்ஸெப்ஷன் (பிழை) எழுப்பும். நாலைந்து ஃபங்ஷன்களில் இதே வாசகம். எல்லாவற்றையும் அழைக்கும் பில் ஃபங்ஷன், எந்தப் பிழையையும் பிடிக்கும் ‘வென் அதர்ஸ்’ போட்டுப் பிடித்து, அதே வாசகத்தோடு மறுபடி ரெய்ஸ் செய்கிறது (எழுப்புகிறது). எங்கே கிளம்பியது என்று சர்வரின் பதிவேடான லாகில் தெரியவில்லை. வாசகத்திலேயே ஃபங்ஷன் பெயரைச் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பெயரை மாற்றும் நாளில் வாசகத்தை மாற்ற மறந்துவிடுவீர்கள். பிறகு லாகே பொய் சொல்லும்.

எந்த ஃபங்ஷன், எந்த வரி, அதை அழைத்தது யார் என்பதை போஸ்ட்கிரெஸ் ‘கான்டெக்ஸ்ட்’ பகுதியில் தானாகவே எழுதுகிறது. அதை அழிப்பது உங்கள் பில் ஃபங்ஷன்தான். பிடித்த பிழையின் வாசகத்தை மட்டும் எடுத்து ரெய்ஸ் செய்தால் அது புதுப் பிழை. பழைய கான்டெக்ஸ்ட் தடம், டீடெய்ல் (கூடுதல் விவரம்), பிழைக் குறியீடு எல்லாம் போய், பொதுக் குறியீடான பி0001 வந்து உட்காரும். அங்கே வெறும் ‘ரெய்ஸ்;’ என்று எழுதுங்கள், பழைய பிழை அப்படியே மேலே போகும். பிடித்து ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அந்த பிளாக்கையே எடுத்துவிடுவது உத்தமம். ஒவ்வொரு முறையும் அந்த பிளாக்குக்காகத் திறக்கும் உள்-பரிவர்த்தனை, அதாவது ஒரு சப்-டிரான்ஸாக்‌ஷன் மிச்சம்.

வரி எண் ஃபங்ஷன் உடலின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவது. உங்கள் ஃபைலின் வரியோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கான்டெக்ஸ்டில் ஆர்கியுமென்ட்டின் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உள்ளீட்டின்) வகைதான் வரும், மதிப்பு வராது. எந்த ஆர்டர், எத்தனை கல் குறைவு என்பதை ‘யூசிங் டீடெய்ல்’ வழியே நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கூடவே ‘எர்கோடு’க்கு ஐந்தெழுத்துச் சொந்தக் குறியீடு ஒன்று வையுங்கள். மூன்று சுழியத்தில் முடிய வேண்டாம். அது வகைக் குறியீடு. செயலி குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்கட்டும். வாசகத்தைக் கடைக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

தடத்தை நீங்களே பதிய விரும்பினால், 9.2 பதிப்பிலிருந்து ‘கெட் ஸ்டாக்டு டயக்னாஸ்டிக்ஸ்’ இருக்கிறது. ‘பிஜி_எக்ஸெப்ஷன்_கான்டெக்ஸ்ட்’ மதிப்பை வாங்கி, ‘ரெய்ஸ் லாக்’ செய்யுங்கள். லாக் டேபிளில் இன்சர்ட் செய்துவிட்டு மறுபடி ரெய்ஸ் செய்தால், ரோல்பேக்கில் (செய்த மாற்றங்கள் ரத்தாகும்போது) அந்த வரியும் சேர்ந்து போய்விடும். இதில் சிக்காதவர்கள் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் சர்வர் லாகில் கான்டெக்ஸ்ட் வரவில்லையென்றால், ‘லாக்_எர்ரர்_வெர்பாசிட்டி’ அமைப்பு ‘டெர்ஸ்’ (சுருக்கம்) என்று இருக்கிறதா பாருங்கள்.