மக்காச்சோளம் போட்டால் கொம்பு வளருமா?

வணக்கம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து டெக்சஸில் கெர்வில் அருகே 400 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். மாட்டுக்குப் போட்ட தாழ்வேலிதான். வெள்ளைவால் மானும் புள்ளிமானும் ஏராளம். ஃபீடரில் மக்காச்சோளம் போட்டும் ஆண்மான்கள் சிறுத்தே இருக்கின்றன. பெரிய கொம்புள்ள வளர்ப்பு மான் இரண்டை வாங்கி விட்டால் வம்சம் தேறும் என்கிறார்கள். செய்யலாமா? நம்மூரில் பாதுகாக்கும் புள்ளிமானை இங்கே சுடுவதும் உறுத்துகிறது.
கே., ஆஸ்டின்

அன்புள்ள கே.,

வாங்காதீர்கள். தாழ்வேலி நிலத்தில் வளர்ப்பு மானைத் திறந்துவிட மாநில விதி இடம் தராது. 8 அடி வேலி போட்டாலும் நோய் பயம் உண்டு. 2015இல் மெதினா கவுண்டியின் வளர்ப்பு நிலையம் ஒன்றில் சிடபிள்யூடி என்னும் நலிவு நோய் தெரியவந்தது. அதற்கு மருந்தே இல்லை; நோய்க்கிருமிப் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

உங்கள் மான்களுக்குக் குறை வம்சத்தில் அல்ல, வயிற்றில். மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். கொம்பு வளரும் காலத்தில் 16 சதவீதமாவது வேண்டும். சோளம் மானைத் துப்பாக்கி முன் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவே. போடுவதானால் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு 20 பிபிபிக்கு (நூறு கோடியில் 20 பங்கு) மேற்படாத மூட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் மரங்களைப் பாருங்கள். ஓக், ஹேக்பெரி இலைகள் தரையிலிருந்து 4, 5 அடி வரை கத்தரித்தாற்போல் மொட்டையாகி, மான் விரும்பாத சீடர் மட்டும் தழைத்து நின்றால், தின்னும் வாய்கள் அதிகம் என்று பொருள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, ஒரே பாதையில் மணிக்கு 8–10 மைல் வேகத்தில் பிக்கப்பை ஓட்டி, இருபுறமும் விளக்கடித்து எண்ணுங்கள். மைலில் பத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை, இருபுறமும் எத்தனை கெஜம் கண்ணுக்குத் தெரிகிறது என்று குறித்தால் பார்த்த பரப்பு கிடைக்கும். மூன்று இரவுகளின் சராசரி 120 ஏக்கரில் 30 மான் என்றால், 400 ஏக்கரில் மொத்தம் சுமார் 100. என் கணக்கில் அங்கே 40 போதும். பலர் சறுக்குவது பரப்பில்தான்: புதர் மறைத்த இடத்தையும் சேர்த்துவிட்டால் மான் குறைவாகத் தெரியும்.

குறைக்க வேண்டியது பெண்மான்களை, அதுவும் சீசன் தொடக்கத்தில். தாமதித்தால் குளிர்காலத் தழையை அவை தின்று தீர்த்திருக்கும். ஆண்மானை ஐந்தரை வயது வரை விடுங்கள். சுட்ட ஒவ்வொன்றின் கீழ்த்தாடையை எடுத்துப் பல் தேய்மானத்தில் வயதைக் கணித்து, எடையோடு எழுதி வையுங்கள். ஒரே வயது மான்களின் எடை ஆண்டுக்காண்டு ஏறினால் வழி சரி. ஆண்மான் ஒரு சதுர மைலுக்கு மேலும் சுற்றும், அதாவது 640 ஏக்கர். அண்டை நிலத்தாரையும் சேர்க்காமல் முடியாது.

புள்ளிமான் 1932இல் டெக்சஸுக்கு வந்தது. அதற்குச் சீசனும் இல்லை, வரம்பும் இல்லை. வேட்டை உரிமம் மட்டும் வேண்டும். நம்மூரில் அதைத் தின்னப் புலியும் செந்நாயும் உண்டு, அங்கே இல்லை. கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் 1971இல் 96 ஏக்கர் வேலிக்குள் ஆறு வெள்ளைவாலையும், புள்ளிமானைப் போலவே ஆசியாவிலிருந்து வந்த சிகா மான் ஆறையும் விட்டார்கள். 1979இல் சிகா 62, வெள்ளைவால் ஒன்றுமில்லை. தழை தீர்ந்ததும் சிகா புல்லுக்கு மாறிக்கொள்ளும், புள்ளிமானும் அப்படியே. வெள்ளைவாலுக்கோ முற்றிய புல் செரிக்காது.

புள்ளிமான் ஆண்டு முழுக்கக் குட்டி போடும். ஆகவே வெள்ளைவால் சீசனுக்குக் காத்திராமல் கோடையிலேயே பெண் புள்ளிமான்களைச் சுடுங்கள். அந்த வெயிலில் கறி சீக்கிரம் கெடும். ஐஸ் பெட்டி இல்லாமல் போகாதீர்கள்.