கடைசி ஷோ டிக்கெட்டுக்கு யாருக்கும் பேநவ் பண்ணாதீங்க தம்பி

சிங்கப்பூர் வந்து 2 மாசம்தான் ஆச்சு, எனக்குப் புடிச்ச நடிகை மேடை மியூசிக்கல்ல ஆடுறது இதான் கடைசி வாரம், டிக்கெட் விக்கிற சிஸ்டிக் சைட்ல எல்லாம் வித்துப்போச்சு, டெலிகிராம்ல ஒருத்தர் 300 வெள்ளிக்கு, அதாவது 300 சிங்கப்பூர் டாலருக்குத் தர்றேங்கிறார், பேநவ்ல (போன்லயே பேங்க் காச அனுப்புறது) அனுப்பலாமா, என்ன டிரஸ் போடணும்னு கேட்டிருக்கீங்க. டிரஸ் என்ன பெரிய டிரஸ், சட்ட பேண்ட் போதும், ஏசி நடுக்கும், ஜாக்கெட் எடுத்துக்குங்க. காச மட்டும் அனுப்பிடாதீங்க.

நானும் 2006ல வந்த புதுசுல ஒரு கச்சேரி டிக்கெட்டுக்கு 80 வெள்ளி குடுத்து ஏமாந்தவன்தான். அப்ப அது எனக்கு 4 நாள் சம்பளம். ஏமாத்துனவன் சீனனும் இல்ல மலாய்க்காரனும் இல்ல, தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியா பக்கம், டீ வாங்கிக் குடுத்து அண்ணே அண்ணேன்னு சுத்துன நம்மூர்க்காரன். வாசல்ல நின்ன பொண்ணு டிக்கெட்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது நேத்து தேதி அங்கிள்"னுச்சு. அங்கிளாம், எனக்கு அப்ப 26 வயசு.

இன்னொண்ணு, மியூசிக்கல்ல எல்லா ஷோவுக்கும் ஸ்டாரே வரணும்னு இல்ல, மதிய ஷோவுல மாத்து ஆள் ஏறலாம், தொண்ட கட்டுனாலும் அதே கததான். அதுக்காக பொதுவா காச திருப்பித் தரமாட்டாங்க. அதனால அன்னைக்கு அவங்கதான் ஆடுறாங்களான்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க. வித்துப்போச்சுன்னு போட்டாலும் சிஸ்டிக்ல தினம் பாருங்க, ஒத்த சீட்டு அப்பப்ப விழும்.

எனக்கு 2017ல அப்படித்தான் கெடச்சுது. கிட் சான்னு சிங்கப்பூர்ப் பாடகி ஆடுன மியூசிக்கல். துவாஸ்ல தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரில மொத வருஷம் தேசிய தினத்தன்னிக்கு டிவில 'ஹோம்'னு ஒரு பாட்டு பாடுனாங்க, ஒரு வார்த்த புரியல, ஆனா சோறு எறங்கல. எஸ்பிளனேட் அரங்கம் தெறந்த 2002ல சீன ராணி சிஷி வேஷத்துல ஆடுனவங்க, 15 வருஷம் கழிச்சு அதே வேஷத்துல அதே மேடைக்கு வந்தாங்க. நம்மாளுங்க இருவது வருஷம் இருந்தும் டுரியான் பழம் மாதிரி இருக்குற அந்த எஸ்பிளனேட் கட்டடத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கறதோட சரி, உள்ள போனதில்ல.

எனக்குக் கெடச்சது ஓரத்து சீட்டு, கம்பி வேற மறைக்குது. ராணி எடப்பக்கம் போனா ஆளே தெரியாது, கொரல் மட்டும் வரும். பக்கத்து சீட்டு சீனப் பாட்டி என் முழங்கையத் தட்டி, தான் கொஞ்சம் பின்னால சாஞ்சுகிட்டு, "லுக், லுக்"னு எடம் விட்டாங்க. அந்த வருஷம் ஜூன்லதான் துவாசுக்கு எம்ஆர்டி ரயில் விட்டிருந்தான், சிட்டி ஹால்ல ஏறி கடைசி ஸ்டேஷன் வரைக்கும் அவங்க பாட்ட முனகிக்கிட்டே போனேன், தப்புத் தப்பா.