வட்டிக்குக் கடன் வாங்கி வட்டியில்லா வங்கியியல் படிப்பதா?

அம்மாவுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க நீங்களும் அவளும் என்னிடம் வந்தபோது வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவசர அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டது அப்படிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மகபூப்பாளையத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. அடுத்து மலேசியாவுக்குப் போய் இஸ்லாமிய வங்கியியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஏஜென்ட் ஒருவர் பெரிய தொகை சொல்லியிருக்கிறார். கல்விக் கடன் வாங்கலாம் என்கிறார் உங்கள் தம்பி. "வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டியில்லா பேங்க் பத்திப் படிக்கவா மாமா?" என்று மகள் மறுக்கிறாள். நகையை வைத்தாலும் அதே வட்டிதான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "நம்ம நாட்டுல அந்த பேங்கே இல்லையாமே சார்? படிச்சுட்டு எங்க போயி வேலை பார்ப்பா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மார்க்கம் விலக்கிய வட்டி இல்லாமல் நடப்பதுதான் இஸ்லாமிய வங்கி. இந்தியாவில் அப்படி உரிமம் பெற்ற வங்கி கிடையாது. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மகளின் படிப்பைப் பற்றிப் பாதித் தெளிவு வந்துவிடும்.

நெல்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு லோடு ஆட்டோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விலை 4,00,000 ரூபாய். சாதாரண வங்கி பணத்தைக் கொடுத்து வட்டி போடும். தவணை தவறினால் வட்டியும் அபராதமும் ஏறும். இஸ்லாமிய வங்கி பணம் தராது. ஆட்டோவைத் தானே 4,00,000-க்கு வாங்கும். "இது எனக்கு அடக்கம் நாலு லட்சம், உனக்கு 4,60,000-க்குத் தருகிறேன், மாதம் 11,500 வீதம் நாற்பது மாதத்தில் கொடு" என்று அடக்க விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்கும். இதற்குத்தான் முராபஹா என்று பெயர். தவணை தள்ளிப்போனாலும் அந்த 4,60,000 ஏறாது. தாமதக் கட்டணம் வாங்கினால் அது வங்கியின் வருமானத்தில் சேராமல் தர்மத்துக்குப் போகும். ஆட்டோவைக் கடைக்காரர் கையில் ஒப்படைக்கும் முன் அது தீப்பிடித்து எரிந்தால் நட்டம் வங்கிக்கு. லாபம் நியாயமாவதே அந்தப் பொருளின் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டதால்தான் என்பது இதன் அடிப்படை.

இங்கேதான் நம் நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கிகள் பொருள் வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்கிறது. முராபஹாவே வாங்கி விற்பதுதானே! 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. வட்டி வேண்டாம் என்பதற்காகவே வங்கிப் பக்கம் வராதவர்களை அந்தக் குழு நினைத்துப் பார்த்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று தெரிவித்துவிட்டது. கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கெடுத்த வட்டியில்லா நிதி நிறுவனத்தை எதிர்த்த வழக்கை 2011-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அது வங்கி இல்லை, நிதி நிறுவனம். இன்றைய நிலவரம் இவ்வளவுதான்.

நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள்: "நாலு லட்சத்துக்கு நாலறுபது வாங்குறாகன்னா, வட்டியத்தான பேரை மாத்தி லாபம்ங்குறாக?" அம்மா, இந்தத் துறையின் பெரிய அறிஞர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. லாபம், நட்டம் இரண்டிலும் பங்கெடுக்கும் முஷாரகாவும் முளாரபாவும்தான் இஸ்லாமியப் பொருளாதாரத்தின் உயிர் என்று எழுதினார்கள். நடைமுறையில் வங்கிகள் முராபஹாவையே அதிகம் பிடித்துக்கொண்டன. லாப விகிதத்தையும் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்தே வைக்கிறார்கள். தவர்ருக் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைத் தவணைக்கு வாங்கிய கையோடு ரொக்கத்துக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்வது. இதை வங்கியே முன்கூட்டி ஏற்பாடு செய்து நடத்துவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி 2009-இல் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் பல வங்கிகள் செய்கின்றன. ஆக, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. மகள் படிக்கப்போவது முடிந்துபோன பாடமாக இருக்காது. உள்ளுக்குள்ளேயே விவாதம் நடந்துகொண்டிருக்கும் பாடம்.

இனி அவளுடைய நோட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு என் மனதில் பதிந்தது அதுதான்.

உங்கள் பாஸ்புக்கை நோட்டுக்குள் வைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழும் வட்டி வரவு ஒவ்வொன்றையும் பச்சை மையில் வட்டம் போட்டிருந்தாள். பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் சின்னச் சின்னக் குறிப்பு. இது ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு, இது கக்கூஸ் கட்ட, இது இன்னும் கொடுக்கவில்லை. கல்லூரி புராஜெக்டுக்காகத் தெருவில் வீடு வீடாகப் போய், வங்கியில் விழும் வட்டியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். ஒரு பாட்டி அதைத் தொடவே மாட்டேன் என்றாராம். இன்னொருவர் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வங்கி பிடிக்கும் கட்டணத்துக்கு அது சரியாகப் போச்சு என்கிறார் ஒரு கடைக்காரர். மகனுக்கு ஃபீஸ் கட்ட நகையை அடகு வைத்த ஒரு அம்மா, "தெரிஞ்சேதான் செஞ்சேன், அல்லா மன்னிக்கணும்" என்று சொல்லி அழுதிருக்கிறார். அந்த வரியை அப்படியே எழுதி, கீழே மகள் ஒரு கேள்வி போட்டிருக்கிறாள்: "நம்பிக்கை ஒன்றுதான். பிறகு ஏன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறார்கள்?"

அம்மா, இருபது வருடமாகப் பிள்ளைகளோடு பேசுகிறேன். ஒரு துறையின் பெயரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அந்தத் துறையின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அரிது. இவள் கேட்டிருப்பது நுகர்வோர் நடத்தை என்ற பாடத்தின் மையமான கேள்வி. ஐசக் அஜ்சன் என்ற உளவியலாளர் 1991-இல் விரிவாக எழுதிய ஒரு கோட்பாடு உண்டு. ஒருவர் ஒன்றைச் செய்வாரா மாட்டாரா என்பதை அவருடைய மனப்பான்மை, சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம், அது தன்னால் முடியுமா என்ற நம்பிக்கை ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. இஸ்லாமிய வங்கி வாடிக்கையாளர்களைப் பற்றிய ஆய்வுகள் பலவும் இந்தச் சட்டகத்தில்தான் நடக்கின்றன. அடகு வைத்த அந்த அம்மாவுக்கு மனப்பான்மையில் குறையில்லை, வேறு வழிதான் இல்லை. உங்கள் மகள் பெயர் தெரியாமலே அந்த மூன்றாவது காரணத்தைத் தொட்டுவிட்டாள்.

வேலைக்கு வருவோம். வளைகுடாவில் இஸ்லாமிய வங்கிகள் பெரிதாக வளர்ந்து நிற்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் 'பைத்துத் தம்வீல்' பலகையைத் தினமும் பார்ப்பார், அது 1977-இல் தொடங்கிய வங்கி. துபாயில் 1975-இலேயே ஒரு இஸ்லாமிய வங்கி வந்துவிட்டது. ஆனால் அங்கே போனதும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சவூதி 2011-இல் நிதாகத் என்ற வேலை ஒதுக்கீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்ததிலிருந்து சொந்த நாட்டவருக்கு முன்னுரிமை இறுகிக்கொண்டே வருகிறது. வங்கி வேலை அதில் முதல் வரிசையில் இருக்கிறது. வெளியாட்களில் அவர்கள் தேடுவது அனுபவம் உள்ள கணக்காளர், தணிக்கையாளர், மென்பொருள் தெரிந்தவர். படித்து முடித்த கையோடு வருகிறவர்களை எடுப்பது குறைவு.

பலருக்குத் தெரியாத ஒரு வழி சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. உலக இஸ்லாமிய வங்கிகள் பல ஓடும் மென்பொருளில் இந்தியக் கை நிறைய உண்டு. இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள், ஆரக்கிளின் ஃபிளெக்ஸ்கியூப் இரண்டிலும் முராபஹா, இஜாரா (வாடகைக்கு விடும் முறை) எல்லாவற்றுக்கும் தனிப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றைச் சோதிக்கவும், வங்கி கேட்பதை மென்பொருள்காரர்களுக்குப் புரியவைக்கவும் கணக்கும் தெரிந்து முராபஹாவும் தெரிந்த ஆள் வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் சொல்ல, சென்னையில் சம்பள வேலை. பங்குச் சந்தையிலும் ஷரீஅத் அளவுகோலில் கம்பெனிகளை வடிகட்டும் நிஃப்டி குறியீடும் பரஸ்பர நிதிகளும் இருக்கின்றன. அங்கே இடங்கள் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மகளிடம் நானே பேசுகிறேன். ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, சொல்லும் ஷரீஅத் குழுவில் பி.காம். படித்தவர் உட்கார முடியாது. அது ஃபிக்ஹை வருடக்கணக்கில் ஓதிய ஆலிம்களின் இடம். அவர்கள் சொன்னபடி வங்கி நடக்கிறதா என்று கணக்கைத் திறந்து பார்க்கும் ஷரீஅத் தணிக்கையாளர் ஆகலாம். அதற்கு அரபி ஓரளவு புரிய வேண்டும். குர்ஆனைப் பார்த்து ஓதுகிறாள், பொருள் தெரியாது என்றாள். இப்போதே தொடங்கட்டும்.

அதனால் வேலையை மட்டும் பார்த்தால் என் யோசனை இது: முதலில் கணக்கியல், அதன்மேல் இஸ்லாமிய நிதி. பி.காமில் 55 சதவீதம் எடுத்திருந்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். அவளுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம்தான், மதுரையிலேயே செய்யலாம், சிறிய உதவித்தொகையும் வரும். கடினமான படிப்புதான், இரண்டு மூன்று முறை எழுத வேண்டியிருக்கலாம். அதற்கு நீங்கள் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இடையில் பஹ்ரைனில் இருக்கும் அயோஃபி என்ற அமைப்பு நடத்தும் இஸ்லாமியக் கணக்காளர் சான்றிதழுக்குப் படிக்கலாம். உலக இஸ்லாமிய வங்கிகள் பலவற்றின் கணக்குத் தரம் அந்த அமைப்பு வகுத்ததுதான். தணிக்கை பிடிக்கவில்லை, மனிதர்களைத்தான் படிக்கப் பிடிக்கிறது என்றால் எம்.ஏ. பொருளாதாரம், புள்ளியியலில் நல்ல பயிற்சி, பிறகு கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வு. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வங்கியியலுக்கு முதுநிலை டிப்ளமோவும் உண்டு. அந்த நோட்டைப் பார்த்தபின் இரண்டாவது வழிதான் அவளுக்கு என்று என் மனம் சொல்கிறது. ஆனால் முடிவு அவளுடையது.

மலேசியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூரில் மலேசிய மத்திய வங்கி இதற்கென்றே 2005-இல் தொடங்கிய இன்சீஃப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நல்ல இடம். இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு போனால் அதே வகுப்பில் இருமடங்கு கற்பாள், உதவித்தொகைக்கும் வாய்ப்பு கூடும். ஏஜென்ட் சொன்ன கல்லூரியின் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அந்தப் படிப்பு படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். பார்க்கும் வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், பெயரைப் பார்த்து மயங்கி ஒரு மையத்தில் இரண்டு மாதச் சான்றிதழுக்குக் குடும்பச் சேமிப்பைக் கட்டினான். நேர்முகத் தேர்வில் ஒரு இருப்புநிலைக் குறிப்பைக் கையில் கொடுத்தபோது அவனால் படிக்க முடியவில்லை. அவன் சேருமுன் நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் போகவில்லை. 'ஹலால்' என்ற சொல்லை முன்னால் வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. 2019-இல் பெங்களூருவில் ஹலால் முதலீடு என்று நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

கடன் விஷயம். நிர்ப்பந்தத்தில் வட்டிக் கடன் கூடுமா என்பதை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், நான் சொல்ல எனக்கு அருகதை இல்லை. தமிழக அரசின் டாம்கோ நிறுவனத்தில் சிறுபான்மையினருக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் இருக்கிறது, ஆனால் அதுவும் வட்டிதான். உங்கள் ஜமாஅத் பைத்துல்மாலில் (பொது நிதியில்) வட்டியில்லாத அழகிய கடனாக ஏதாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள். 1963-இல் எகிப்தின் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார், விவசாயிகளின் சில்லறைச் சேமிப்பை வைத்து வட்டியில்லாச் சேமிப்பு வங்கி நடத்தினார். இன்றைய இஸ்லாமிய வங்கிகளின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நம் பைத்துல்மாலுக்குப் பின்னாலும் அதே எண்ணம்தான். நான் சொன்ன வழியில் போனால் முதல் மூன்று வருடத்துக்குக் கடனே தேவைப்படாது. அவளுடைய அத்தா குவைத்திலிருந்து அனுப்பும் பணத்திலேயே முடியும்.

கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்ததும் ஒரு ஞாயிறு காலையில் வாருங்கள், அன்றைக்கு வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் ஏஜென்ட் கொடுத்த தாள்களும் வேண்டும். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், கேள்விகளில் சிலவற்றை எப்படித் திருத்திக் கேட்கலாம் என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.