நாற்காலிப் படத்துக்கு 'நாய் 95%' என்று கிளிப் சொல்வது ஏன்?

கிளிப் (CLIP) என்பது, ஒரு படம் நீங்கள் கொடுக்கும் பெயர்களில் எதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கிடும் ஏஐ மாடல். அந்த 95 "இது நாய்தான்" என்ற உறுதி இல்லை. நீங்கள் கொடுத்தது பூனை, நாய் என்று இரண்டே பெயர். எந்தப் படம் வந்தாலும் 100 சதவீதத்தை அந்த இரண்டுக்குள்தான் பங்கு போடும்.

அனேகமாக நடப்பது இது: கொசைன் மதிப்பை (படமும் பெயரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) கிளிப் சுமார் 100-ஆல் பெருக்கிய பிறகே, மதிப்புகளைச் சதவீதமாக மாற்றும் சாப்ட்மேக்ஸுக்கு அனுப்புகிறது. நாய் 0.20, பூனை 0.17 என்றால் வித்தியாசம் வெறும் 0.03. பெருக்கினால் 3. அதுவே 95-க்கு 5 ஆகிவிடும்!

சாப்ட்மேக்ஸுக்கு முந்தைய மதிப்பை பிரிண்ட் செய்து, நிஜ நாய்ப் படங்களின் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்காலிக்குத் தெளிவாகக் குறைந்தால், நடுவில் ஒரு வரம்பு வைத்துவிடலாம். 'வேறு ஏதோ' என்று மூன்றாவது பெயர் சேர்ப்பதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

ஆனால் வரம்பு பெயருக்குப் பெயர் மாறும். அதைச் சரிபார்க்கக் கொஞ்சம் படங்களையாவது நீங்களே பிரித்து வைக்கத்தான் வேண்டும்.