வாசகர் கேள்வி பதில்: சேர்ச் மதிலும் சங்கடப்படலையும்

கேள்வி: எங்கள் ஊர்ச் சேர்ச் வளவைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பழைய முருகைக்கல் மதில் இருக்கிறது. காரை உதிர்ந்து கல் தெரிகிறது. சீமெந்து பூசி வெள்ளையடித்தால் இன்னும் ஐம்பது வருசம் நிற்கும் என்கிறார் மேசன். ஒல்லாந்தர் கட்டிய மதில் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பூசலாமா?
– வாசகி, வலிகாமம்

பதில்: பூச வேண்டாம் தங்கச்சி, கெஞ்சிக் கேட்கிறேன்.

காரை உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லின் முகத்தில் கடுகளவில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். அத்தனையும் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிர் குடியிருந்த குழிகள். மாரியில் அந்தக் கல் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான், அதனால்தான் இரண்டும் இத்தனை காலம் ஒத்துப்போயின. சீமெந்து அப்படி விடாது. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரமும் வெடிப்பு வழியாக இறங்குகிற மழையும் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டு, அதில் கரைந்திருக்கிற உப்பு அங்கேயே பூத்து, கல்லை மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் மதில் பளபளவென்று இருக்கும். கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படிப் பூசிய மதிலைத் தட்டிப் பார்த்தேன், பொத்துப் பொத்தென்று சத்தம். பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தால் கல் மாவாக வழிந்து வந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

மேசனிடம் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும் என்று சொல்லுங்கள். நீற்றிச் சில கிழமை ஊறவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கு. மாரி முடிந்து தையில் தொடங்கினால் நல்லது, ஆனால் வெயில் சுட்டுவிடாமல் நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துத்தான் திரும்பவும் கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும் நாளும் வேண்டும். மதில் உச்சி மாட்டு முதுகு மாதிரி வளைந்திருந்தால் அதை அப்படியே திருத்துங்கள், தட்டையாக்கினால் மழைத்தண்ணீர் தேங்கும். அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு மதிலும் வரும். அடியில் வெட்டி வேரைச் சாகவிட்டுப் பிறகு எடுங்கள். விழுந்த கல் ஒன்றைக்கூட எறிய வேண்டாம். 1988இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுக்கத் தடை, புதிதாகக் கல்லுக்கு எங்கே போவீர்கள்?

ஒல்லாந்தர் கதைக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் ஊர் ஊராகக் கிறிஸ்தவக் கோவில் கட்டினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றையே தங்கள் சபைக்கு எடுத்துத் திருத்தினார்கள்; இங்கே இருந்த அவர்களது போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் எங்கள் கிராமத்துக் கோவில்களின் படங்களே இருக்கின்றன. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த அதே வளவுகளில்தான் வேலை தொடங்கினார்கள். ஆகவே ஒரே மதிலில் மூன்று காலத்துக் கை இருக்கலாம். கல்லின் அளவும் சாந்தின் நிறமும் எங்கே மாறுகிறது என்று நடந்து பாருங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் சட்டப்படி அது தொல்சின்னம், தொல்லியல் திணைக்களத்திடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

கேள்வி: பிரேத வாகனம் உள்ளே வர முடியவில்லை என்று, சேமக்காலையின் வளைவு வாசலை ஒட்டி மதிலை நாலடி உடைக்கப் போகிறார்கள். வளைவில் கை வைக்கவே மாட்டோம் என்கிறார்கள். பரவாயில்லையா?
– வாசகர், இளவாலை

பதில்: பரவாயில்லை இல்லை ஐயா. வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே நிற்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்கிப் பிடிப்பது ஒட்டியிருக்கிற மதில். இரண்டு தோளிலும் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்களில் ஒருவரை விலகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்: தூண் சரியும், உச்சிக்கல் இறங்கும், அப்புறம் ஒரு மாரி போதும். வாகனம் வரத்தான் வேண்டும் என்றால் தூரத்தில், மதிலின் நடுப்பகுதியில் புதுக் கேற் ஒன்று திறக்கட்டும். பெட்டியை மட்டும் பழைய வாசலால் தோளில் கொண்டு போங்கள். எங்கள் பெரியம்மாவை அப்படித்தான் கொண்டு போனோம், அந்த வளைவுக்குக் கீழே எல்லோரும் தாமாகவே நடையைக் குறைத்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் ஒரு கிராமத்துச் சேர்ச்சின் படம் அனுப்பினாள். வாசலில் தனியாக ஓட்டுக்கூரை போட்ட படலை, அசல் எங்கள் சங்கடப்படலை! இது எப்படி அங்கே?
– வாசகி, மானிப்பாய்

பதில்: எனக்கும் இது மிகவும் பிடித்த விசயம். அதன் பெயர் லிச்கேற். 'லிச்' என்பது பழைய ஆங்கிலத்தில் பிரேதம். பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் மழைக்கு அதற்குள் நிற்பார்கள், குருவானவர் அங்கே வந்து எதிர்கொண்டு செபம் சொல்லி உள்ளே கூட்டிப் போவார். பிரேதத்தை வளவு வாசலிலேயே சந்திக்க வேண்டும் என்று அவர்களது 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலேயே இருக்கிறது. இன்று காண்பவற்றில் பல பிற்காலத்தில் புதுக்கியவை, முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டியவையும் உண்டு.

எங்களுடையது உயிரோடு வருகிறவர்களுக்கானது. தெருவால் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்க, திண்ணையில் குந்தி ஒரு செம்பு தண்ணீர் குடிக்கக் கட்டினார்கள். ஒன்றைப் பார்த்து மற்றது வரவில்லை. பாரத்தோடு வருகிறவனை வாசலில் கொஞ்சம் நிற்க விட வேண்டும் என்று இரண்டு ஊராருக்கும் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சியாக இறந்தவர்களின் நினைவாக நாங்கள் தெருவோரம் வைத்த சுமைதாங்கிகளை நினைத்துப் பாருங்கள். சில லிச்கேற்றுகளின் நடுவிலும் பெட்டியை இறக்கி வைக்க நீளமான கல் ஒன்று இருக்கும். மகளை இன்னொரு தரம் போய், கூரைக்குக் கீழே அந்தக் கல் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.