எதற்குப் பயப்பட வேண்டும், அம்மா?

போன இதழில் 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு மேசை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. கல்யாண், முலுண்ட், தாராவி, சயான் கோலிவாடா என்று எங்கிருந்து வந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது? புதிய வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் கிளெய்ம் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவள். இந்த மும்பை நகரத்து மனிதர்கள் எப்படி இறந்தார்கள் என்று இறப்புச் சான்றிதழிலும் பஞ்சநாமாவிலும் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் அறிக்கை) தினமும் வாசித்தவள். அந்த வாசிப்பிலிருந்தும், பிறகு தேடிப் படித்ததிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

செப்டம்பரில் திருநெல்வேலியில் மைத்துனர் மகளுக்குத் திருமணம். திருவனந்தபுரம் வரை விமான டிக்கெட் எடுத்திருந்தோம். ஜூன் 12க்குப் பிறகு என் மனைவி விமானம் ஏற மறுக்கிறாள். "காரிலேயே போகலாம், ஸ்டியரிங் நம் கையில் இருக்கும்" என்கிறான் மகன். சரிதானா?
— ஒரு வாசகர், கல்யாண்

சரியில்லை ஐயா. உங்கள் மனைவி பயப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்த விபத்து அது. புகை எழுந்த படத்தை நாம் எத்தனை முறை பார்த்தோம்! நூறு முறை கண்ணில் பட்டதை நூறு முறை நடந்ததாகவே மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,000க்கும் மேல். நாளொன்றுக்கு 470 பேர். அகமதாபாத்தில் இறந்தவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் ஒவ்வொரு நாளும் சாலையில் போகிறார்கள். ஆளுக்கொரு ஊரில், ஒருவர் இருவராகப் போவதால் படம் வருவதில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் உங்கள் மகன் சொல்வதைத்தான் பலரும் செய்தார்கள். விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போனார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் மட்டும் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் சாலையில் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்தவர்களைப்போலப் பல மடங்கு. அந்தக் குடும்பங்களுக்குத் தங்கள் வீட்டுச் சாவு எதனால் வந்தது என்றுகூடத் தெரிந்திருக்காது.

ஸ்டியரிங் நம் கையில் இருப்பது தைரியம் தரும். எதிரே வருகிற லாரியின் ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது? 1,500 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு நாள், இரண்டாம் இரவில் மகனுக்குத் தூக்கம் வரும். என் பிரிவுக்கு வந்த சாலை விபத்துக் கோப்புகளில் நேரம் என்ற கட்டத்தில் விடியற்காலை 3, 4 என்று எழுதியிருந்தவை எத்தனையோ.

மனைவி மனம் மாறாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போங்கள். காரில்தான் என்றால் பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட்டாக வேண்டும். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போன கார் மோதியபோது, பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த இருவர்தான் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

எங்கள் குடியிருப்புச் சொசைட்டி மாடியில் செல்போன் கோபுரம் வைக்கக் கேட்கிறார்கள். மாத வாடகை வரும். ஆனால் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கதிர்வீச்சை நினைத்தால் தூக்கம் வரவில்லை, அம்மா.
— ஒரு வாசகி, முலுண்ட்

தூங்கு மகளே. இந்த நேரத்தில் உனக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டும்.

கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லால் நாம் எக்ஸ்ரேயையும் சொல்கிறோம், கோபுரத்து அலையையும் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும். கோபுரத்து அலைக்கு அந்த வலு கிடையாது. நம் ஜன்னலில் விழுகிற வெளிச்சத்தின் ஆற்றலைவிட அது மிகக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இதைப் புற்றுநோய் தரலாமோ என்று ஐயப்படும் பொருட்களின் பட்டியலில் வைத்தது உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. அதே உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு 2024இல் வந்தது. செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்றது. 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் கோபுரங்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, உலக அளவில் பரிந்துரைக்கப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் சொசைட்டிக் கூட்டத்தில் நீ எழுந்து கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. மாடி தாங்குமா?

செம்பூரில் எங்கள் கட்டடத்திலும் இதே விவாதம் நடந்தது. மூன்று மணி நேரமும் கதிர்வீச்சைப் பற்றியே பேசினோம். வாடகை ஆசை வென்றது, கோபுரம் வந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் மேலே போய்ப் பார்த்தேன். கம்பத்தின் காலுக்குப் போல்ட் அடித்த இடத்தில் தளம் வெடித்திருந்தது. என் சுண்டுவிரல் நகம் முழுவதும் உள்ளே போயிற்று. அதில் தண்ணீர் இறங்கி, கீழ் வீட்டுக் குளியலறையில் மேற்பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து வாளியில் விழுந்திருந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஐந்து நிமிடம் முன்புதான் குளித்துவிட்டு வெளியே வந்தாராம். எங்களில் ஒருவரும் கம்பத்தின் எடை எத்தனை கிலோ என்று கேட்டிருக்கவில்லை. நானும்தான். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

2024 மே 13 அன்று காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்த விளம்பரப் பலகையை மறந்திருக்க மாட்டாய். 40 அடிக்கு 40 அடிதான் அனுமதி. நின்றது 120 அடிக்கு 120 அடி. பதினேழு பேர் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத அலைக்குப் பயந்த இந்த நகரம், ஆயிரக்கணக்கானோர் தினமும் நிமிர்ந்து பார்த்த இரும்புக்குப் பயப்படவில்லை. எனவே உங்கள் கட்டடம் 30 ஆண்டு தாண்டியதா, கட்டமைப்புத் தணிக்கைச் சான்றிதழ் எங்கே, அதில் கோபுரத்தின் எடை சேர்க்கப்பட்டதா, ஜெனரேட்டர் எங்கே வைப்பார்கள் என்று கேள். பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் கையெழுத்துப் போடாதே.

லெபனானில் பேஜர்கள் வெடித்ததுபோல, சண்டை வந்தால் சீனா நம் கையிலுள்ள செல்போன்களை வெடிக்கச் செய்யுமாமே?
— ஒரு வாசகர், தாராவி

முடியாது தம்பி. 2024 செப்டம்பர் 17இல் வெடித்த பேஜர்களுக்குள் முன்கூட்டியே வெடிமருந்து வைக்கப்பட்டிருந்தது. அவை ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கென்றே தயாரித்து விற்கப்பட்டவை. வெறும் செய்தி அனுப்பி எந்தச் சாதாரண போனையும் குண்டாக்க முடியாது. உன் போனில் உண்மையிலேயே ஆபத்து எப்போது தெரியுமா? பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிய பிறகும் அதை மாற்றாமல், தலையணைக்கடியில் சார்ஜ் போட்டுத் தூங்கும்போது. இன்னொன்று, காவல்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டும் குரல். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. இணைய மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணை உன் வீட்டுப் பெரியவர்களின் போனில் பதிந்து கொடு. இன்றைக்கே செய்.

2020 அக்டோபர் 12இல் மும்பை முழுவதும் மின்சாரம் போனது சீனாவின் வேலை என்று எங்கள் கல்லூரியில் எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள்.
— ஒரு மாணவி, மாட்டுங்கா

நானும் அன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவள். எது உறுதியோ அதை மட்டும் சொல்கிறேன். நம் மின்துறைக் கணினிகளைக் குறிவைத்துச் சீனத் தொடர்புள்ள ஒரு குழு நுழைய முயன்றதாக 2021இல் ஓர் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. மும்பை இருட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நிறுவ முடியவில்லை என்று அதே அறிக்கை சொன்னது. நாளிதழ்த் தலைப்பில் அந்தப் பாதி இல்லை. மாநில அரசு சைபர் தாக்குதல் என்றது. மத்திய மின்துறை அமைச்சர் மனிதத் தவறு என்றார். நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கல்வா, பட்கா பக்கத்து உயரழுத்தப் பாதைகளில் பராமரிப்பும் பழுதும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டதுதான் காரணம் என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. எதிரி செய்தான் என்று சொன்னால், நம் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி யாருக்கும் எழாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை கவலை.

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த சண்டையின்போது "டிராம்பே அணு உலைதான் முதல் இலக்கு, செம்பூர் வீட்டை விற்றுவிடு" என்று மருமகன் வாட்ஸாப்பில் அனுப்பினார். நீங்கள் செம்பூரில்தானே இருக்கிறீர்கள், அக்கா? எப்படித் தூங்குகிறீர்கள்?
— ஒரு வாசகி, சயான் கோலிவாடா

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் டிராம்பே மலை தெரியும். ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. மே 7 போர் ஒத்திகைச் சங்கு ஊதியபோது எனக்கும் வயிறு கலங்கியது. அதை மறைக்க மாட்டேன், தங்கச்சி.

ஆனால் இது உன் மருமகனுக்குத் தெரியுமா என்று கேள். ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை இருவரும் கைமாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் முடிந்த சில மாதங்களிலும் கொடுத்தார்கள். நம் நகரத்தில் 2008 நவம்பர் 26 தாக்குதல் நடந்து ஐந்து வாரத்திலும் கொடுத்தார்கள். மே மாதம் பாகிஸ்தானின் கிரானா மலையில் கதிர்வீச்சு கசிந்ததாக வந்த செய்தி உன் போனுக்கும் வந்திருக்கும். அப்படி எந்தக் கசிவும் இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னதை யாரும் உனக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் கவசம் ஆகிவிடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் பகைவர்கள் 33 ஆண்டுக்கும் மேலாகக் காக்கும் வாக்கு அது. நம் குழந்தைகளுக்கு ஏன் இதைச் சொல்வதில்லை?

என்னைத் தூங்கவிடாத நாள் வேறு. 2022 மார்ச் 9. நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை. அவர்கள் அவசரப்படவும் இல்லை. இரண்டு நாள் கழித்து நம் அரசு வருத்தம் தெரிவித்தது. பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 1983 செப்டம்பர் 26இல் சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் முன்னால் இருந்த திரை, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று காட்டியது. அவர் அதை நம்ப மறுத்தார். மேகத்தில் பட்ட வெயிலைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது.

எதிரி வேண்டுமென்றே அடிப்பான் என்றுதான் நாம் பயப்படுகிறோம். கைதவறுதலும் இயந்திரத் தவறும் யார் கனவிலும் வருவதில்லை. மார்ச் 9 செய்தி வந்தபோது என்னை யாரும் "வீட்டை விற்றுவிடு" என்று அழைக்கவில்லை. கேட்க வேண்டியது அப்போதுதான்: இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே உள்ள தொலைபேசியை எந்த நேரமும் எடுக்க ஆள் இருக்கிறதா? வீட்டை நான் விற்கப்போவதில்லை.

தினமும் டோம்பிவிலியிலிருந்து தாதருக்கு லோக்கலில் போகிறேன். போர், அணுகுண்டு என்றெல்லாம் எழுதுகிறீர்கள். என்னைப் போன்றவன் எதற்குப் பயப்பட வேண்டும், அம்மா?
— ஒரு வாசகர், டோம்பிவிலி

கதவுக்கு, தம்பி.

அகமதாபாத்துக்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 9 காலையில், மும்ப்ரா வளைவில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அது உன் பாதை. எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் படியில் தொங்கியவர்கள் உரசி விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள். வியாழக்கிழமை விமானம் விழுந்ததும் அவர்களைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. 2024இல் மும்பைப் புறநகர் ரயில் எல்லைக்குள் இறந்தவர்கள் 2,400க்கும் மேல். தண்டவாளத்தைக் கடந்தவர்களே அதில் அதிகம், விழுந்தவர்கள் அடுத்து. 2006 ஜூலை 11 குண்டுவெடிப்புகளில் 180க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்த நாளை நகரம் மறக்காது, மறக்கவும் கூடாது. ஆனால் ஏறக்குறைய அத்தனை பேர் ஒவ்வொரு மாதமும் இந்தத் தண்டவாளங்களில் போகிறார்கள்.

ஒரு பஞ்சநாமா எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. இறந்தவருக்கு வயது 29. உடன் கிடைத்த பொருட்கள்: காலாண்டு சீசன் டிக்கெட் ஒன்று, கறுப்புக் குடை ஒன்று, மூன்றடுக்கு டிபன் டப்பா ஒன்று, திறக்கப்படாதது. அவருடைய மனைவி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். படிவத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டுவிட்டு, "அந்த டப்பாவைத் திருப்பித் தருவார்களா?" என்று கேட்டார்.

பையை முதுகில் மாட்டாதே, முன்பக்கம் மாட்டு. மேம்பாலம் ஏற ஐந்து நிமிடம் ஆகும் என்று தண்டவாளத்தில் இறங்காதே. டோம்பிவிலியிலேயே புறப்படும் ஸ்லோ வண்டிகள் இருக்கின்றன. இருபது நிமிடம் முன்னால் கிளம்பினால் உள்ளே நிற்க இடம் கிடைக்கும். தாமதமானால் மேலாளரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லையென்றால் எனக்கு எழுது. அவருக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.